தொட்டியைச் சுத்தம் செய்ய கோரிடோராஸ் வாங்கலாமா? வெண்கலக் கோரியைப் பற்றி விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளத் தொட்டியில் கப்பியும் மாலியும் வளர்க்கும் ஒருவர், அடியில் சேரும் கழிவைத் தின்று சுத்தமாக வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டு இரண்டு கோரிடோராஸ் மீன்களை வாங்கி விட்டிருக்கிறார். வண்ணக் கற்கள் பரப்பிய அந்தத் தொட்டி அமைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இருபது நாளுக்குள் இரண்டு மீன்களும் இறந்துவிட்டன. இறப்பதற்கு முன் அவற்றின் மீசைகள் தேய்ந்து குட்டையாகியிருந்தன. அடிக்கடி நீர்மட்டத்துக்குப் பாய்ந்து காற்றைக் கவ்விக்கொண்டு கீழே சென்றன. இந்த மீன் உண்மையிலேயே கழிவைத் தின்னுமா, இவை ஏன் இறந்தன, மறுபடியும் வாங்கினால் எப்படி வளர்க்க வேண்டும், வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை, தின்னாது என்பதே. மற்ற மீன்கள் இடும் எச்சத்தை எந்தக் கோரிடோராஸும் உணவாகக் கொள்வதில்லை. அது மணலுக்குள் புதைந்திருக்கும் புழுக்களையும் பூச்சிகளின் இளம்புழுக்களையும் சிறு ஓட்டுடலிகளையும் தேடித் தின்னும் மீன். மேலே மிதந்த தீனியில் தவறிக் கீழே விழுந்த துணுக்குகளை அது எடுத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் 'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. உணவு உண்டு எச்சம் இடும் உயிர் என்ற வகையில், தொட்டியில் சேரும் கழிவை அதுவும் கூட்டத்தான் செய்யும். கண்ணாடியில் படியும் பாசியையும் அது தொடாது. நம் ஊர்க் கடைகளில் சக்கர் மீன் என்று விற்கப்படுவது வேறொரு குடும்பம். அதைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

கோரிடோராஸ் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது வெண்கலக் கோரி என்ற இனம், அல்லது அதன் வெளிறிய அல்பினோ வடிவம். நீங்கள் வாங்கியதும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும் என்ற கணிப்பில், இந்தப் பதில் முழுவதையும் அந்த ஓர் இனத்தை வைத்தே எழுதுகிறேன். உங்கள் மீன்கள் இறந்ததற்கான காரணங்கள் எல்லாம் அதன் உடலமைப்பிலேயே இருக்கின்றன. அந்த உடல் எந்த நீருக்காக உருவானது என்பது தெரிந்துவிட்டால், எந்தக் கல்லை எடுக்க வேண்டும், எத்தனை மீன் வாங்க வேண்டும், நீர் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாக யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இந்த மீனை 1858இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் அமெரிக்க விலங்கியலாளர் தியோடர் கில். அவருக்குக் கிடைத்த மீன்கள், தென்னமெரிக்காவின் வடகரையை ஒட்டியுள்ள டிரினிடாட் தீவின் ஓடைகளைச் சேர்ந்தவை. பக்கவாட்டில் ஒளி படும்போது பச்சையும் செம்பும் கலந்து மின்னும் அதன் நிறத்தைக் கண்டு, வெண்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ஏனியஸ் என்பதை அவர் அதற்குச் சூட்டினார். டிரினிடாட் மக்கள் இதைப் 'புய்-புய்' என்கிறார்கள். அதே தீவில் 'காஸ்கடூரா' என்று ஒரு மீன் உண்டு. அதைத் தின்றவர் எங்கே போய் வாழ்ந்தாலும் கடைசி நாட்களில் டிரினிடாடுக்கே திரும்பி வருவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. குழம்பு வைத்து உண்ணப்படும் அந்தக் காஸ்கடூராவும் நம் விரல் நீளப் புய்-புய்யும் ஒரே கவச மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தீவில் முதலில் விவரிக்கப்பட்டாலும், இதன் பரப்பு மிகப் பெரியது. ஆண்டிஸ் மலைத்தொடருக்குக் கிழக்கே, கொலம்பியாவிலிருந்து தெற்கே லா பிளாட்டா ஆற்றுப் படுகை வரை இந்த மீன் காணப்படுவதாக நூல்கள் சொல்கின்றன. இவ்வளவு அகன்ற நிலத்தில் வாழ்வது உண்மையில் ஒரே இனம்தானா, ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்களின் தொகுப்பா என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு நெடுநாளாக உண்டு. மெதுவாக ஓடும் ஓடைகள், ஆற்றின் ஓரத் தேக்கங்கள், வெள்ளம் வடிந்தபின் எஞ்சும் குட்டைகள் ஆகியவை இதன் இருப்பிடம். இலைகள் மட்கிக் கிடக்கும் அந்த அடித்தளத்தில் நீர் எப்போதும் உயிர்க்காற்று நிறைந்ததாக இருப்பதில்லை. கோடையில் நீர் சுருங்கும், வெப்பம் ஏறும், நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்துவிடும். அங்கே பிழைக்கக் கற்றுக்கொண்ட உடல் இது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கோரிடோராஸ் என்ற பேரினம் 1803இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் ஏற்படுத்தியது. தலைக்கவசம், தோல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அது பிறந்தது. காலப்போக்கில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் அந்த ஒரே பெயருக்குள் சேர்ந்துவிட்டன. 2024இல் பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்களை முதன்மையாகக் கொண்ட ஒரு குழு, மரபணுச் சான்றுகளையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு இந்தக் கூட்டத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தது. அதன்படி வெண்கலக் கோரியின் பெயர் இப்போது ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா. கடைகளில் பெப்பர் கோரி எனப்படும் மீனும் ஸ்டெர்பாய் கோரியும் ஹோப்லிசோமா என்ற பேரினத்துக்குச் சென்றுவிட்டன. மிகச் சிறிய பிக்மி கோரி காஸ்ட்ரோடெர்மஸ் ஆகிவிட்டது. பழைய நூல்களில் ஒரு பெயரும் புதிய கட்டுரைகளில் வேறொரு பெயரும் கண்டால் மலைக்க வேண்டாம். வளர்ப்பவர்கள் எல்லாவற்றையும் இன்னும் கோரி என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் உணர்வது அதன் கடினம். கெளுத்தி இனங்களுக்குச் செதில் கிடையாது என்று நாம் பழகியிருக்கிறோம். நம் ஆற்றுக் கெளுத்தி வழவழவென்று கைக்குள் நழுவும். கோரிக்கும் செதில் இல்லைதான். ஆனால் அதன் இடத்தில், உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமாக இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முதுகுத் துடுப்பிலும் இரண்டு மார்புத் துடுப்புகளிலும் முன்னால் ஒரு முள் உண்டு. ஆபத்து நேரும்போது மீன் அந்த மூன்று முட்களையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். ஆறேழு சென்டிமீட்டரே வளரும் இந்தச் சிறு மீனை விழுங்க வரும் பெரிய மீனின் தொண்டையில் அது முக்கோணமாகச் சிக்கிக்கொள்ளும். மார்பு முட்களின் அடியில் நச்சுச் சுரப்பியும் இருக்கிறது. மனிதருக்கு அது ஆபத்தானது அல்ல என்றாலும், குத்தினால் சிறிது நேரம் கடுக்கும். வலையில் அள்ளும்போது முட்கள் நூலில் மாட்டிக்கொள்வதால், சிறு கிண்ணத்தைக் கொண்டு நீரோடு சேர்த்து எடுப்பதே மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

நச்சு இருப்பதால் விளைந்த வியப்பான செய்தி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அமேசான் ஓடைகளில் வெவ்வேறு கோரி இனங்கள் ஒரே ஓடையில் ஒரே நிறக்கோலத்துடன் கலந்து திரிகின்றன. முள்ளும் நஞ்சும் உள்ள மீன்கள் எல்லாம் ஒரே சீருடை அணிந்தால், வேட்டையாடும் மீன் ஒருமுறை பட்ட பாடத்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதே இதன் பயன். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படி ஒரே உருவில் கூடி வாழும் இனங்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் அல்ல என்றும், அவற்றின் மூக்கு நீளமும் உணவும் வேறுபட்டிருப்பதால் இரைக்காகப் போட்டியிடாமல் சேர்ந்து வாழ முடிகிறது என்றும் காட்டியது. கடையில் ஒரே தொட்டியில் ஒன்றுபோலத் தெரியும் மீன்களில் ஒன்றுக்கு மூக்கு நீண்டும் மற்றொன்றுக்குக் குட்டையாகவும் இருந்தால், அவை இரண்டு இனங்களாக இருக்கக்கூடும்.

இனி, உங்களைக் கலங்கவைத்த அந்தப் பாய்ச்சலுக்கு வருகிறேன். கோரி நீர்மட்டத்துக்குப் போய்க் காற்றைக் கவ்வுவது தன்னளவில் நோயின் அறிகுறி அல்ல. அது அதன் மூச்சு. நீரில் கரைந்த ஆக்சிஜனைச் செவுள் வழியே எடுப்பதோடு, காற்றை நேராக விழுங்கிக் குடலாலும் மூச்சுவிடும் மீன் இது. நம் ஊர் விரால், பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவையும் காற்றைச் சுவாசிப்பவைதான். ஆனால் அவற்றுக்குச் செவுளை ஒட்டி அதற்கென்று தனி அறைகளோ பைகளோ உண்டு. கோரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. விழுங்கிய காற்று இரைப்பையைக் கடந்து குடலின் பின்பகுதிக்குச் செல்கிறது. அங்கே குடற்சுவர் மிக மெல்லியதாகவும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்ததாகவும் இருக்கிறது. ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்க, எஞ்சிய காற்று ஆசனவாய் வழியே குமிழாக வெளியேறுகிறது. வாய் வழியே உள்ளே, பின்வழியே வெளியே என்ற ஒருவழிப் பாதையில் ஓடும் மூச்சு இது.

ஒரே குழாயில் உணவும் காற்றும் செல்வது எப்படி என்று கேட்கத் தோன்றும். செரிமானம் குடலின் முன்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. மூச்சுக்கான பின்பகுதியில் சக்கை தங்கினால் அங்கே காற்றுக்கு இடமிருக்காது. டிரினிடாடில் இதே மீனையும் காஸ்கடூராவையும் வைத்து நடந்த ஆய்வு, விழுங்கப்படும் காற்றே அந்தச் சக்கையை விரைவாகப் பின்னோக்கிக் கொண்டுசேர்க்க உதவுகிறது என்று கண்டது. ஆகவே காற்றை எட்ட முடியாமல் செய்துவிட்டால், பாதிக்கப்படுவது மூச்சு மட்டும் அல்ல, செரிமானமும்தான்.

ஆரோக்கியமான கோரி, நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் அவ்வப்போது மேலே போகும். அது ஒரு நொடியில் முடியும் வேலை: செங்குத்தாகப் பாய்ந்து, காற்றைக் கவ்வி, வால் மறையக் கீழே இறங்கிவிடும். கூட்டமாக இருந்தால் ஒன்று போகும்போது இன்னும் இரண்டு மூன்று சேர்ந்து போகும். திறந்த நீரில் தனியாக மேலே போகும் மீனைக் கொக்கும் பெரிய மீனும் எளிதில் குறிவைக்கும் என்பதால் இந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது எத்தனை முறை போகிறது என்பதை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஓயாமல் போய்வந்தால், அல்லது மேலேயே தங்கிச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டால், நீர் கெட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் மீன்கள் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் தெளிவானவை. மேலே போய்வருவது மீனுக்கு ஆற்றல் செலவாகும் வேலை என்பதையும், நீர் ஆழமாக ஆகச் செலவு கூடுகிறது என்பதையும் இதே இனத்தை வைத்து நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. ஆகையால் கோரிக்கு உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டியே ஏற்றது. ஒன்றேகால் அடி உயரத்துக்குமேல் நீர் தேவையில்லை. மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம்போல் ஆடை படிய விடக்கூடாது. வெப்பத்தையும் மறக்க வேண்டாம். 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது சுமார் 7.3 ஆகக் குறைந்துவிடும். அதே வேளை வெப்பம் கூடும்போது மீனின் தேவையும் கூடுகிறது. வெண்கலக் கோரிக்கு இதமானது 24 முதல் 28 டிகிரி வரை. சென்னைக் கோடையில் மாடி வீட்டுத் தொட்டி 32ஐ எளிதில் தாண்டும் என்பதால், அந்த இரண்டு மாதமும் நீர்மட்டத்தின் மேல் சிறு மின்விசிறியைச் சாய்த்து வைத்து ஆவியாதலால் நீரைக் குளிர வைப்பது, கூடவே காற்றுக் குமிழ்க் கருவியை இரவிலும் ஓடவிடுவது இரண்டும் வேண்டும். வெப்பம் குறையாத வீடுகளில், சற்றுக் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் ஸ்டெர்பாய் இனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மீசைகள் தேய்ந்ததற்கு வருகிறேன். இந்த மீனின் வாயைச் சுற்றித் தொங்கும் மீசைகள் சுவையையும் தொடுதலையும் உணரும் உறுப்புகள். கலங்கிய நீரிலும் இருளிலும் இரை இருக்குமிடத்தை அவற்றால்தான் அது அறிகிறது. காட்டில் அது நுண்மணலில் கண்வரை முகத்தைப் புதைத்து, மணலை வாய்க்குள் இழுத்து, புழுவை மட்டும் நிறுத்திக்கொண்டு மணலைச் செவுள் வழியே உதறிவிடும். மெல்லிய மணல் இட்ட தொட்டியில் ஒரு கோரி இதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செவுள் மூடியின் ஓரத்திலிருந்து இரண்டு சிறு மணற்புகைகள் கிளம்பும். கற்கள் பரப்பிய தொட்டியில் இந்தச் செயலுக்கே வழியில்லை. தவறி விழும் தீனி கற்களின் இடுக்கில் இறங்கி அழுகும். மீன் அதை எட்ட மீசையை அந்த இடுக்குகளில் நுழைத்து நுழைத்து உரசும். கூரிய விளிம்பு மீசையைக் கீறும், இடுக்கில் பெருகியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கீறலில் நுழையும், மீசை அழுகிக் குட்டையாகும். இவற்றில் பெரிய குற்றவாளி அழுக்குத்தான் என்பது என் கருத்து. கல் சற்றுக் கரடாக இருந்தாலும் மிகத் தூய்மையாகப் பராமரித்த தொட்டிகளில் மீசை முழுதாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். நல்ல மணல் இட்டும் கழுவாமல் விட்ட தொட்டிகளில் அது தேய்ந்திருப்பதையும் கண்டிருக்கிறேன். மீசை இழந்த மீனால் இரையைக் கண்டுபிடிக்க முடியாது. சரியான சூழலுக்கு மாற்றினால், அடிவரை அழுகாத மீசைகள் மெல்ல வளர்ந்துவிடும்.

மணல் என்றால் ஆற்று மணல், நுண்ணியதாகச் சலித்து, நீர் தெளியும்வரை கழுவியது. கட்டுமானத்துக்கு விற்கப்படும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்யப்படுவதால் அதன் துகள்கள் கூராக இருக்கும். கோரிக்கு அதை இட வேண்டாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும். வாரம் ஒருமுறை சைஃபன் குழாயால் மணலின் மேற்பரப்பில் கிடக்கும் கழிவை உறிஞ்சி, கால் பங்கு நீரை மாற்றிவிடுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்வது இந்தக் குழாயும் ஃபில்டரும்தான்.

இரண்டு மீன் மட்டும் வாங்கியது அடுத்த தவறு. வாங்குபவர் எல்லோரும் செய்யும் தவறு அது, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கோரி கூட்டமாக வாழும் மீன் என்பதைச் சொல்லாத நூல் இல்லை. ஆனால் கூட்டம் அதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அண்மைக் காலத்தில்தான் சோதனை செய்து பார்த்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெண்கலக் கோரிகளைக் கவனித்தபோது, அவை ஒன்றையொன்று உடலால் மெல்ல இடித்துத் தொட்டுக்கொள்வதையும், திடுக்கிடும் வேளையில் அந்தத் தொடுதல் கூட்டம் சிதறாமல் ஒருங்கிணைய உதவுவதையும் கண்டு 2019இல் எழுதினார்கள். கலங்கிய நீரில் கண்ணால் காண முடியாத தோழனைத் தொட்டு அறியும் வழக்கம் இது. தொட ஆளில்லாத கோரி ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, தீனிக்குக்கூட வெளியே வரத் தயங்கும். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு மீன்களாவது வேண்டும். இரண்டடித் தொட்டியில் ஐம்பது லிட்டர் நீர் இருந்தால் ஆறு கோரியும் சில கப்பிகளும் வசதியாக வாழலாம்.

இறப்புக்கு உடனடிக் காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தொட்டியின் வயதைச் சொல்வேன். மீன்களின் எச்சத்திலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு வாரத் தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ உச்சத்தில் இருந்திருக்கும். அந்த நஞ்சு செவுளைத் தாக்கும். செவுள் கெட்டால் மீன் காற்றுக்காக ஓயாமல் மேலே ஓடும். கழிவு கல்லின் அடியில் தேங்கியதால், மேலே நீந்தும் கப்பியைவிட அங்கேயே படுத்துக் கிடந்த கோரிகள் முதலில் பாதிக்கப்பட்டிருக்கின்றன.

மறுபடியும் வாங்க விரும்பினால், தொட்டி ஓடத் தொடங்கி ஆறு வாரம் கழியட்டும்; கையடக்க அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுழியம் காட்டுவதை உறுதி செய்துகொள்ளுங்கள். மாநகராட்சி நீரானால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். ஆழ்துளைக் கிணற்று நீரின் மிதமான கடினத்தன்மையை, பண்ணையில் வளர்ந்த வெண்கலக் கோரி தாங்கிக்கொள்ளும். இன்று கடைகளுக்கு வரும் வெண்கலக் கோரிகளில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவையே. கடையில் மீசை முழுதாக இருக்கிறதா, வயிறு ஒட்டாமல் உருண்டிருக்கிறதா, வயிற்றின் அடியில் சிவந்த திட்டுகள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பும் நீலமும் ஊசியால் ஏற்றிய அல்பினோ கோரிகளை எங்காவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த மீனுக்கு இழைக்கப்படும் கொடுமை அது. வாங்குபவர் இருக்கும்வரை அது நிற்காது.

வீட்டுக்கு எடுத்து வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிகவும் அஞ்சிய கோரிகள் சுரக்கும் நஞ்சு, சிறிய பையின் கொஞ்சம் நீரில் சேர்ந்து அவற்றையே கொன்றுவிடுவது உண்டு. பையின் நீர் நுரைத்திருந்தாலோ வெண்மையாகக் கலங்கியிருந்தாலோ, மெல்லப் பழக்குகிறேன் என்று காத்திராமல், மீனை மட்டும் எடுத்து நல்ல நீருக்கு மாற்றுங்கள். அந்தப் பையின் நீர் ஒரு துளிகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது.

தீனி விஷயத்தில் ஒரே விதி, அவற்றுக்கென்று தனியாகப் போடுவது. விளக்கை அணைத்தபின், மூழ்கும் குருணைத் தீனியைக் கொஞ்சம் இடுங்கள். வாரம் இரண்டு முறை உறைந்த இரத்தப் புழு தந்தால் உடல் தேறும். சாக்கடையோரம் சேகரித்த உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழுக்களைத் தவிர்ப்பது நல்லது. நோய் அவற்றோடுதான் அதிகம் வருகிறது.

பாசியைத் தின்னும் என்று சக்கர் மீனை வாங்க நினைத்தால், அது ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று பலர் ஏரியிலும் குளத்திலும் விட்டதால் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கோரியாக இருந்தாலும் சரி, வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ வேறொருவருக்கோ கொடுங்கள். நீர்நிலையில் விட வேண்டாம்.

கடைசிக் கேள்வி, இனப்பெருக்கம். இங்கேதான் இந்தச் சிறு மீன் அறிவியலாளர்களையே வியக்க வைத்தது. கூடலின்போது ஆண் தன் உடலைப் பெண்ணின் முகத்துக்குக் குறுக்கே வளைத்து நிற்க, இரண்டும் சேர்ந்து ஆங்கில டி எழுத்தின் உருவில் தெரியும். பெண் ஆணின் இனவாயில் வாயை வைத்துக்கொண்டிருக்கும். அப்போது என்ன நடக்கிறது என்ற சர்ச்சை நெடுங்காலம் இருந்தது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: பெண் விந்தைக் குடிக்கிறது. குடித்த விந்து குடல் வழியே சில நொடிகளில் கடந்து, சிதையாமல் பின்வழியே வெளியேறுகிறது. அதே நேரத்தில் பெண் தன் இடுப்புத் துடுப்புகளைக் கைகுவித்ததுபோல் சேர்த்து அதில் முட்டைகளை இட்டிருப்பதால், அந்தச் சிறு குவியலுக்குள் விந்தும் முட்டையும் சேர்கின்றன. ஓடும் நீரில் விந்து கலைந்து வீணாகாமல், குறிப்பிட்ட ஓர் ஆணின் விந்து குறிப்பிட்ட முட்டைகளைச் சேரும் வழி இது. காற்று விரைந்து கடக்கும் அதே குடற்பாதை இதற்கும் துணை செய்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். மூச்சுக்காக உருவான ஒருவழிக் குழாய் இல்லையென்றால், இந்தக் கருவுறுதல் முறை தோன்றியிருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

வீட்டில் இதைக் காண்பது கடினமல்ல. பெண்கள் ஆண்களைவிடப் பெரியவை. மேலிருந்து பார்த்தால் வயிறு அகன்று தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் வைத்து, இரண்டு வாரம் இரத்தப் புழு கொடுத்து வாருங்கள். இவற்றின் தாயகத்தில் மழைக்காலத் தொடக்கமே முட்டையிடும் காலம் என்பதால், தொட்டி நீரில் பாதியை எடுத்துவிட்டு தொட்டி நீரைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றினால் மழை வந்துவிட்டதாக மீன் உணரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில், வெளியே மழை கொட்டும் வேளையில் இதைச் செய்தால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்பது வளர்ப்பவர் பலரின் அனுபவம். எனக்கும் முதல் முட்டைகள் அப்படித்தான் கிடைத்தன. பெண் தன் துடுப்புக்குள் சில முட்டைகளைப் பிடித்தபடி கண்ணாடியில் ஓரிடத்தை வாயால் துடைத்து, அங்கே அவற்றை ஒட்டும். மறுபடி கூடல், மறுபடி சில முட்டைகள் என்று ஒரு காலைப்பொழுதில் நூறைத் தாண்டும்.

ஒட்டி முடிந்ததும் பெற்றோரே முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். அதனால் ஒரு மணி நேரம் கழித்து, முட்டைகள் சற்றுக் கெட்டிப்பட்டதும், விரல்நுனியால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் நிறைத்த சிறு பாத்திரத்தில் மெல்லிய காற்றோட்டத்துடன் வையுங்கள். வெண்மையாகிப் பஞ்சு படர்ந்த முட்டைகளை அவ்வப்போது அகற்றுங்கள். 26 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சுகள் பொரியும். முதல் இரண்டு நாள் அவற்றுக்கு வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பையின் உணவே போதும். அதன்பின் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைக் காலையும் மாலையும் கொடுத்து, எஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை மணலைத் தூவி வையுங்கள். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அந்தக் குஞ்சுகள் ஒரு வாரத்துக்குள் அதில் முகம் புதைத்து இரை தேடத் தொடங்கிவிடும்.